இரவு பதினொரு மணிப் பசி: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பங்கு திருகோணமலையின் கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்தையும் அதைச் சுற்றியுள்ள போர்டிங்குகளையும் சேர்ந்த மாணவர்கள் எழுதியவை. பெயர்களோடு, அவர்கள் குறிப்பிட்டிருந்த எடைக் கணக்குகளையும் எடுத்துவிட்டோம். உணவுப் பிரச்சினையில் மாட்டிக்கொண்ட ஒருவர் அடுத்தவரின் எடையைப் படித்தால் அதோடு போட்டி போடத் தொடங்குவார். அதற்கு இந்தப் பக்கம் இடம் கொடுக்கக் கூடாது.

கேள்வி: கம்பஸில் இரண்டாம் வருடம். காலையில் பிளேன்டீ மட்டும். மத்தியானம் கன்டீனுக்குப் போனாலும் ஒரு ரோல்ஸோடு எழும்பிவிடுவேன். இரவு பதினொரு மணியானால் என்னைப் பிடிக்க முடியாது. பிஸ்கட் பெட்டி முழுவதும், மீதிப் பாண், சீனி, எது அகப்பட்டாலும் இருட்டில் இருந்து சாப்பிடுவேன். பிறகு அழுகை. நாளைக்கு ஒழுங்காக இருப்பேன் என்று சத்தியம் பண்ணுவேன். மறுநாளும் அதே கதைதான். எனக்கு ஏன் மனக்கட்டுப்பாடே இல்லை?
– மாணவி, நிலாவெளி

பதில்: விடிந்ததிலிருந்து இரவு வரை ஒரு ரோல்ஸில் தாக்குப்பிடிக்கிறீர்கள். அதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்! உங்களிடம் அது குறைவாக இல்லை, கூடித்தான் இருக்கிறது. இரவில் நடப்பது பகலில் அடக்கிவைத்த பசி திரும்பி வருவதுதான்.

1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் ஏறத்தாழ அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். உடல் எடையில் சுமார் கால்வாசி குறைந்தது. ஆனால் அந்த ஆய்வு இன்றும் பேசப்படுவது எடைக்காக அல்ல. அந்த இளைஞர்கள் எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், நண்பர்களை விட்டு விலகினார்கள், எரிந்து விழுந்தார்கள், சோர்ந்து போனார்கள். மறுபடி வயிறாரக் கொடுத்தபோது சிலர் சத்தி வருமளவுக்குச் சாப்பிட்டும் பசி தீரவில்லை என்றார்கள். மெலிய வேண்டும் என்று நினைத்து அவர்கள் அதில் சேரவில்லை. பசியே அவர்களை அப்படி ஆக்கியது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. "பிஸ்கட் தொடவே மாட்டேன்" என்று நீங்களே ஒரு சட்டம் போட்டிருப்பீர்கள். ஒன்றை எடுத்ததும் சட்டம் உடைந்துவிடும். நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று பெட்டி முழுவதும் போய்விடும். சட்டம் எவ்வளவு கடுமையோ, உடையும்போது சேதமும் அவ்வளவு பெரிது.

ஆகவே இரவுச் சாப்பாட்டைத் தடுக்க முயலாதீர்கள், பகல் சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஒரு நாளில் மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிறுதீனி, இரண்டுக்கும் நடுவில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி இல்லை. இவ்வளவுதான் அடிப்படை. உங்கள் நாளுக்குப் பொருத்தினால் காலை 7.30, 10.30, மத்தியானம் 12.45, மாலை 4.00, இரவு 7.30, படிக்க இருந்தால் 9.30. பசிக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டாம். உங்கள் பசியறிவு இப்போது குழம்பியிருக்கிறது, அது சீராகும்வரை மணிக்கூட்டை நம்புங்கள்.

காலைக்குக் கால் இறாத்தல் பாணும் பருப்பும், அல்லது ஆறு இடியப்பமும் சொதியும் சம்பலும் ஒரு முட்டையும். மத்தியானம் ஒன்றரைக் கோப்பைச் சோறு, ஒரு துண்டு மீன் அல்லது முட்டை, பருப்பு, ஒரு கீரை வறை அல்லது மரக்கறி. இரவு பிட்டு, ரொட்டி, கிடைப்பது எதுவானாலும் கறியோடு. சிறுதீனிக்கு ஒரு கோப்பை அவித்த கடலை, கௌபி, பயறு, வாழைப்பழம், தயிர். விடுதியில் அடுப்பு வைக்க விடமாட்டார்கள் என்றால் கச்சானும் வாழைப்பழமும் அறையில் வைத்திருக்கலாம். சமபோஷா சத்துமாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் சுடுநீரும் சேர்த்து உருண்டை பிடித்தாலும் ஒரு நேரம் தாங்கும். அளவுகளை நிறுத்துப் பார்க்க வேண்டாம், கண் மட்டம் போதும்.

ஆறு வேளையையும் ஒரே நாளில் தொடங்கினால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். முதல் கிழமை காலை உணவு மட்டும். அது நிலைத்தபின் மத்தியானம். முந்தின இரவு என்ன நடந்திருந்தாலும் மறுநாள் காலைச் சாப்பாட்டைத் தவற விடவே கூடாது. இதில் மட்டும் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். இரவுக்குப் பரிகாரமாகக் காலையை விடும்போதுதான் அடுத்த இரவு தயாராகிறது.

பலர் முறித்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. முதல் இரண்டு கிழமை வயிறு ஊதினாற்போல் இருக்கும், தராசில் கொஞ்சம் ஏறியும் காட்டலாம். வெகுநாள் குறைவாகச் சாப்பிட்ட இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். உடம்பு மாச்சத்தைச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைக்கும். அது கொழுப்பு அல்ல. கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் தராசில் ஏறாதீர்கள், ஏறாமலே இருந்தால் இன்னும் நல்லது. கலோரி எண்ணும் செயலியைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பதிலாக ஒரு கொப்பி வையுங்கள். எத்தனை மணிக்கு, என்ன, எங்கே, தனியாகவா, அப்போது மனம் எப்படி, கைமீறிப் போனதா. கலோரி எழுத வேண்டாம். பத்து நாளில் உங்களுக்கே தெரியும்: எந்த நாள் மத்தியானம் விடுபட்டதோ, எந்த நாள் வீட்டோடு சண்டையோ, அந்த இரவுதான் அது நடந்திருக்கும். உந்துதல் வந்தால் அறையை விட்டு வெளியே வந்து யாருடனாவது கதையுங்கள். அது அலை மாதிரி, பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணியும். ஆனால் பட்டினி வயிற்றோடு இருப்பவருக்கு இந்த உத்தி பலிக்காது. முதலில் சாப்பாடு.

கட்டுப்பாடிழந்து சாப்பிடுவது கிழமைக்கு ஒரு தடவையாவது மூன்று மாதமாக நடந்து வந்தால், அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். 2013இல் இருந்து அமெரிக்க மனநல வைத்திய வகைப்பாட்டில் தனி நோயாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் கேட்டுவைக்கிறோம். மத்தியானச் சாப்பாட்டை விடுவது மெலிவதற்காகவா, கையில் காசில்லாததாலா? வெளியே சொல்லக் கூச்சப்பட்டு "டயட்" என்று சமாளிப்பவர்கள் உண்டு. காசில்லாமல் விட்ட சாப்பாடும் இரவில் இதே வேலையைத்தான் செய்யும். அப்படியென்றால் மாணவர் ஆலோசகரிடம் உதவித்தொகை பற்றிக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: ஊர்த் திருவிழாவுக்குப் போனால் மாமிமார் எல்லோரும் "உடம்பு வைச்சிட்டாய்" என்பதைத்தான் முதலில் சொல்கிறார்கள். இரண்டு நாளைக்குச் சாப்பிட மனம் வருவதில்லை.
– மாணவி, உவர்மலை

பதில்: அவர்களுக்கு அது சுகம் விசாரிக்கும் வழி. உங்களுக்கு அது காயம். இரண்டும் உண்மை. ஒரு வசனத்தை முன்கூட்டியே தயார் பண்ணி, சிரித்த முகத்தோடு சொல்லுங்கள்: "மாமி, உடம்பை விடுங்கோ, கம்பஸ் எப்பிடிப் போகுதெண்டு கேளுங்கோ." விளக்கம் வேண்டாம். விளக்கம் சொன்னால் கதை உடம்பிலேயே நிற்கும். அன்றைய சாப்பாட்டை மட்டும் விடாதீர்கள். இதைப் படிக்கும் மாமிமாருக்கும் மாமாமாருக்கும் ஒரு வேண்டுகோள்: "மெலிஞ்சு வடிவா வந்திட்டாய்" என்ற பாராட்டும் இதே வேலையைச் செய்யும். அந்தப் பிள்ளை எப்படி மெலிந்தாள் என்று உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: சாப்பிட்டதும் குற்றவுணர்ச்சி தாங்காமல் சத்தி எடுக்கிறேன், கிழமைக்கு மூன்று நாலு தடவை. பல் கூசுகிறது. கன்னத்தின் இரண்டு பக்கமும் வீங்கி, முகம் முன்பைவிட வட்டமாகத் தெரிகிறது. யாருக்கும் தெரியாது.
– பெயர் வேண்டாம்

பதில்: எழுதியதே பெரிய காரியம். உங்கள் நோய்க்கு வைத்தியம் இருக்கிறது, பலர் இதிலிருந்து முழுதாக மீண்டிருக்கிறார்கள்.

கன்னத்தில் வீங்கியிருப்பது உமிழ்நீர்ச் சுரப்பி. முகம் பருத்ததாக நினைத்து இன்னும் சத்தி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தினால்தான் அது வற்றும். பல் கூசுவது இரைப்பை அமிலம் பல்லின் மேற்படையான எனாமலைக் கரைப்பதால். சத்தி எடுத்தவுடன் பல் துலக்காதீர்கள், அமிலத்தில் இளகியிருக்கும் எனாமலைத் தூரிகை சுரண்டிவிடும். ஒரு கோப்பைத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா கலந்து கொப்பளியுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்துத் துலக்கலாம்.

பல்லைவிடப் பயப்பட வேண்டியது இரத்தத்தில் பொட்டாசியம் குறைவது. இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கப் பொட்டாசியம் அவசியம். வெளித்தோற்றத்தில், எடையில், எதுவும் தெரியாமலே அது ஆபத்தான அளவுக்கு இறங்கும். நெஞ்சு படபடப்பு, மயக்கம், கைகால் இழுப்பு, எழும்ப முடியாத சோர்வு, சத்தியில் இரத்தம், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

நோக்கமும் நிறைவேறுவதில்லை. சத்தியில் எல்லாம் வெளியே வந்துவிடாது. பேதி மாத்திரையும், நிலாவாரை கலந்த "மெலியும் தேத்தண்ணி"யும் பெருங்குடலில் வேலை செய்பவை. உணவின் சத்தில் பெரும்பங்கு அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டிருக்கும். இறங்குவது பெரும்பாலும் தண்ணீரும் உப்புகளும்தான். எடுக்கிறீர்கள் என்றால் வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள்.

ஓ.பி.டி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) "சத்தி வருது" என்று மட்டும் சொன்னால் காஸ்ட்ரைட்டிஸ் (இரைப்பை அழற்சி) மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்: நானாகவே சத்தி எடுக்கிறேன், கிழமைக்கு இத்தனை தடவை, இத்தனை மாதமாக, கடைசி மாதவிடாய்த் திகதி, எடுக்கும் மருந்துகள். பொட்டாசியம் உட்பட உப்புகளுக்கான இரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பிறகு மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். அரச வைத்தியசாலையில் இது இலவசம். அங்கே நடக்கும் பேச்சுச் சிகிச்சையின் முதல் படி, மேலே முதல் பதிலில் சொன்ன அதே நேர ஒழுங்குதான். தேவையானால் புளுவொக்செற்றின் என்ற மனச்சோர்வு மாத்திரையையும் தருவார்கள். இந்த நோய்க்கு அதன் அளவு நாளுக்கு 60 மில்லிகிராம்வரை போகும், மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 20ஐ விடக் கூட. ஆகவே தோழியின் மாத்திரையைப் பங்கு போட வேண்டாம்.

கேள்வி: மகளுக்கு 21 வயது, கம்பஸில் படிக்கிறா. ரமழானில் வீட்டில் இருந்தபோது ஒரு நோன்புகூட விடவில்லை, முப்பதும் பிடித்தா. மாதவிடாய் நாட்களில் நோன்பு பிடிப்பதில்லையே. அப்போதுதான் யோசித்தேன், மாதவிடாய் வரவில்லையே என்று. கேட்டால் நாலு மாதமாம். பெருநாள் முடிந்து ஆறு நோன்பும் பிடித்தா, இப்போது திங்கள், வியாழன் என்று தொடர்கிறா. விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழும்புவதில்லை. இபாதத்தை, வணக்கத்தைத் தடுக்கலாமா என்று பயமாக இருக்கிறது.
– ஒரு உம்மா, கிண்ணியா

பதில்: சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் உணவுக் கோளாறு ஒன்று உண்டு. நீங்கள் கவனித்தது அந்த நோயின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. முன்பு ஒழுங்காக வந்த மாதவிடாய் மூன்று மாதம் நின்றாலே வைத்தியரிடம் காட்ட வேண்டும். கர்ப்பப் பரிசோதனை, தைரொயிட், புரொலக்ரின் ஹோர்மோன் அளவுகள் எல்லாம் பார்ப்பார்கள். எல்லாப் பெண்களுக்கும் வழமையாகச் செய்வது அது, தப்பாக எடுக்காதீர்கள். அவற்றில் குறையில்லை என்றால், உணவு போதாததால் மூளை இனப்பெருக்க ஹோர்மோன்களை நிறுத்தி வைத்திருக்கக்கூடும். பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜன் குறைந்த ஒவ்வொரு மாதமும் எலும்பு மெலியும். இருபதுகளில் சேர்க்கும் எலும்புதான் ஆயுள் முழுக்கத் தாங்க வேண்டும். கருத்தடை மாத்திரை கொடுத்தால் இரத்தப்போக்கு வரும், ஆனால் மூல காரணம் அப்படியே இருக்கும். சாப்பாடு கூடினால்தான் உண்மையான மாதவிடாய் திரும்பும்.

நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது நீங்கள் அறிந்ததே. சுகமானபின் விட்ட நோன்பைக் களாவாகப் பிடிக்கலாம், அதுவும் முடியாதவருக்கு ஏழைக்கு உணவளிக்கும் பித்யா உண்டு. வைத்தியரின் வார்த்தையை எடுத்துக்கொண்டு நீங்கள் மதிக்கும் ஒரு மௌலவியிடம் பேசுங்கள், மகளும் உடன் இருக்கட்டும். பக்தி எது, நோய் எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி: நோன்பு பிடிப்பவர் திறக்கும் நேரத்துக்குக் காத்திருப்பார், கஞ்சியை விருப்பத்தோடு குடிப்பார். இந்த நோயுள்ளவருக்கு நோன்பு திறப்பதுதான் பயம். கந்தசஷ்டியில் ஆறு நாளும் பச்சைத் தண்ணீரோடு இருந்துவிட்டு, ஏழாம் நாளும் சாப்பிட மறுக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

வீட்டுக்கு வரும் நாட்களில் தட்டில் நீங்களே போட்டுக் கொடுத்து, பக்கத்தில் இருந்து நீங்களும் சாப்பிடுங்கள். எடையைப் பற்றி ஒரு சொல் வேண்டாம். ஒன்றில் மட்டும் அவதானம். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாமல் இருந்தவருக்கு, பாசத்தில் ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது. இரத்தத்தில் பொஸ்பேற்று என்ற உப்பு திடீரென இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படியான நிலையென்றால் முதலில் தள வைத்தியசாலை.

கேள்வி: ஜிம்முக்குப் போகிறேன். எவ்வளவு செய்தாலும் கண்ணாடியில் ஒல்லியாகவே தெரிகிறேன். புரோட்டீன் பவுடர் வாங்கக் காசு போதவில்லை, ஒருவர் ஊசி போட்டால் மூன்று மாதத்தில் வரும் என்கிறார்.
– மாணவன், உப்புவெளி

பதில்: ஊசி வேண்டாம். தசை வளர்க்கவென்று இப்படிப் போடுவது பெரும்பாலும் ஆண் ஹோர்மோன் வகை ஸ்டீரொயிட். விதை சுருங்கும், விந்தணு குறையும், எரிச்சலும் ஆத்திரமும் கூடும். நிறுத்தியபின் பல மாதம் மனம் இருண்டு கிடக்கும், ஏனென்றால் உங்கள் உடம்பு தன் சொந்த ஹோர்மோனைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும்.

பவுடரும் தேவையில்லை. எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ என்றால் 96 கிராம். முட்டை ஒன்றில் 6, நூறு கிராம் மீனில் சுமார் 20, ஒரு கோப்பை அவித்த கடலையில் 14 அளவில், ஐம்பது கிராம் உலர்ந்த சோயா மீற்றில் 25 அளவில். சூடையும் சாளையும் மலிவாகக் கிடைக்கும் கரையில் இருந்துகொண்டு டப்பாவுக்குக் காசு கொட்ட வேண்டாம்.

எங்களை யோசிக்க வைத்தது கண்ணாடி பற்றிய அந்த வரி. மற்றவர்கள் "நல்லா வந்திட்டாய்" என்றும் உங்களுக்குத் தெரியவில்லையா? விரிவுரையை விட்டு ஜிம்முக்குப் போகிறீர்களா? காயத்தோடும் தூக்குகிறீர்களா? கடலுக்குப் போனாலும் சட்டை கழற்றுவதில்லையா? இவற்றில் சிலவற்றுக்கு ஆம் என்றால், அது தன் உடம்பைத் தவறாகக் காணும் ஒரு மனநோயாக இருக்கலாம். ஆண்பிள்ளைகளிடம் அதிகம், வெளியே சொல்பவர்கள் குறைவு. கிழமையில் இரண்டு நாள் கட்டாய ஓய்வு எடுத்துப் பாருங்கள். அந்த இரண்டு நாளும் பதற்றத்தில் இருப்புக்கொள்ளவில்லை என்றால் ஒரு மனநல வைத்தியரைப் பாருங்கள்.

கேள்வி: மனம் சரியில்லாததால் சாப்பிட முடியவில்லையா, சாப்பிடாததால் மனம் சரியில்லையா? எனக்கே தெரியவில்லை. மாத்திரை எடுத்தால் உடம்பு வைக்குமாமே?
– முதலாம் வருட மாணவி, தம்பலகாமம்

பதில்: இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். ஓரளவு பிரிக்கலாம். மனச்சோர்வில் பசியே செத்துவிடும், ருசி தெரியாது, மெலிவது பற்றிக் கவலையும் இராது. உணவுக் கோளாறில் பசி இருக்கும், அதை அடக்குவதே வேலையாகிவிடும். இரண்டு கிழமைக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்து, முன்பு பிடித்த எதுவும் பிடிக்காமல், நித்திரையும் கெட்டிருந்தால் வைத்தியரைப் பாருங்கள். இரத்தச்சோகையும் தைரொயிட்டும் இதே சோர்வைத் தரும், பரிசோதித்துவிடுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்துச் சரியாகச் சேராது, ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். மனச்சோர்வு மாத்திரை எல்லாமே எடையைக் கூட்டுவதில்லை. புளுவொக்செற்றின் பெரும்பாலும் கூட்டாது, மிர்ற்றாசப்பின் கூட்டக்கூடும். அந்தப் பயத்தை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொன்னால் பொருத்தமானதைத் தெரிவார். சத்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் அதை மறைக்காதீர்கள். புப்ரோப்பியன் என்ற மனச்சோர்வு மருந்து அப்படியானவருக்கு வலிப்பைக் கொண்டுவரலாம்.

கேள்வி: என் அறைத்தோழி சாப்பிடுவதே இல்லை. எப்படிக் கதைப்பது? இது நோயா, வெறும் டயட்டா என்றும் தெரியவில்லை.
– மாணவி, கோணேசபுரி

பதில்: பிரித்தானிய வைத்தியர்கள் 1999இல் வெளியிட்ட ஐந்து கேள்விகள் இருக்கின்றன. வயிறு நிறைந்த அசௌகரியத்தில் தானாகவே சத்தி எடுக்கிறாளா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கைமீறிவிட்டதாகக் கவலைப்படுகிறாளா? மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் இறங்கியதா? மற்றவர்கள் மெலிவு என்றாலும் தான் பருமன் என்று நம்புகிறாளா? சாப்பாட்டு நினைப்பே அவள் வாழ்க்கையை ஆள்கிறதா? இரண்டுக்கு ஆம் என்றால் வைத்தியர் பார்க்க வேண்டும். முடிவு சொல்வது வைத்தியரின் வேலை, உங்களுடையது அங்கே கொண்டுபோவது.

சாப்பாட்டு நேரத்தில் கதைக்காதீர்கள். கூட்டமாகப் போய் மறிக்காதீர்கள். பின்னேரம் நடக்கும்போது, இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்வது இலகு. "நீ மெலிஞ்சு எலும்பாப் போனாய்" என்று சொன்னால் அவள் காதில் அது பாராட்டாக விழும். கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "மூண்டு கிழமையா நீ கன்டீனுக்கு வரேல்ல. நேற்றுப் படியில தலை சுத்தி இருந்திட்டாய். எனக்குப் பயமாக் கிடக்கு. நான் கூட வாறன், ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவம்." கோபப்படுவாள், "எனக்கொண்டுமில்லை" என்பாள். வாதாட வேண்டாம். ஒரு கிழமை கழித்து அதையே திரும்பச் சொல்லுங்கள். அவள் தட்டைக் காவல் காக்காதீர்கள், ஆனால் சாப்பிடப் போகும்போது ஒவ்வொரு முறையும் கூப்பிடுங்கள்.

மயங்கி விழுந்தால், நெஞ்சு படபடத்தால், படியேற முடியாமல் போனால், இரகசியம் காக்கும் கடமை உங்களுக்கில்லை. வார்டனிடம் சொல்லுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். சாகலாம் போல இருக்கிறது என்ற மாதிரி ஏதாவது சொன்னால், "உயிரை விட யோசிக்கிறியா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் தனியே விடாமல் பக்கத்தில் இருந்துகொண்டு 1926க்கு அழையுங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் அது, 24 மணித்தியாலமும் எடுப்பார்கள், தமிழில் கதைக்கலாம். நீங்கள் பயந்துபோயிருந்தாலும் அதே இலக்கத்துக்கு உங்களுக்காகவும் அழைக்கலாம்.